ஒரே பலகை, இரண்டு சந்தை: சீனாவும் வியட்நாமும் இறக்குமதி செய்யும் அமெரிக்கக் கடின மரம்

சீனாவும் வியட்நாமும் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்யும் கடின மரத்தை வெறும் கன மீட்டர் கணக்கில் ஒப்பிட்டால் விடை தப்பாகத்தான் வரும். சீனா பலகையோடு உருட்டு மரத்தையும் வாங்கித் தன் ஆலைகளில் அறுக்கிறது. சுங்கத் தலைப்பு 4403 உருட்டு மரம், 4407 அறுத்த மரம். உருட்டு மரத்தில் ஏறக்குறைய பாதிதான் பலகையாகத் தேறும் என்பதால் இரண்டையும் அப்படியே கூட்டக் கூடாது. ஓக்கிலும் ஒரு குழி உண்டு: சிவப்பு ஓக், வெள்ளை ஓக் இரண்டும் 4407.91 என்ற ஒரே எண்ணில்தான் விழும். விலையோ வெகு தூரம்.

சீனா வாங்குவதில் பெரும்பங்கு அந்நாட்டு வீடுகளுக்கே போகிறது: தரை, கதவு, கட்டில். அதனால் ரேகை தெரியும் சிவப்பு ஓக்குக்கு அங்கே கிராக்கி. வியட்நாமின் பின் யூங், டோங் நாய் பட்டறைகள் வாங்குவது ஏற்றுமதிக்கான அறைகலனுக்கு. பெயின்ட் அடித்து மூடும் வேலையும் உள்சட்டமும் அதிகம் என்பதால் மலிவான டியூலிப்வுட்டே போதும். பெயரில்தான் கடின மரம். நகத்தை அழுத்தினால் தடம் விழும்.

தர வேறுபாடும் இதிலிருந்தே வருகிறது. அமெரிக்கத் தர வரிசையில் உச்சியிலுள்ள எஃப்ஏஎஸ் தரத்தில் பலகைப் பரப்பில் 83.3 சதவீதம் பழுதில்லாமல் வெட்ட வரவேண்டும். நம்பர் 1 காமனில் 66.7, நம்பர் 2ஏ-யில் 50. நாற்காலிக் கால், டிராயர் பக்கம் போன்ற குட்டைத் துண்டுகளுக்கு 2ஏ கட்டுப்படியாகும். நீளமான கதவுச் சட்டத்துக்கு அதை வாங்கினால் கணுவுக்குக் கணு வெட்டி எறியவே கூலி போய்விடும்.

அடி விழும் இடமும் வேறு. 2018 செப்டம்பரில் சீனா போட்ட பதிலடி வரி, 2019 ஜூனில் ஏறியபோது பலகையையே நேராகத் தாக்கியது. 2025 மார்ச்சில் பூச்சியைக் காரணம் காட்டி அமெரிக்க உருட்டு மரத்தை நிறுத்தி, நவம்பரில்தான் திறந்துவிட்டது. வியட்நாமுக்கு அடி எதிர்ப்பக்கத்திலிருந்து: 2025 அக்டோபரில் அமெரிக்கா மெத்தை வைத்த நாற்காலிக்கும் சமையலறை அலமாரிக்கும் போட்ட 25 சதவீத வரி, பலகையைத் தொடாமலே பலகை ஆர்டரைக் குறைக்கக்கூடியது.

வியட்நாமில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஈரம். சூளையில் 6–8 சதவீதத்துக்கு உலர்த்திய பலகை, மழைக்காலத்தில் திறந்த கொட்டகையில் கிடந்தால் 14-ஐத் தொடும். அப்படியே பொருத்திய மேசை, அமெரிக்கக் குளிர்கால வீட்டின் ஹீட்டரில் மறுபடி காயும். 150 மி.மீ. அகலச் சிவப்பு ஓக் பலகை 6 சதவீத ஈரம் இழந்தால் 3 மி.மீ.க்கு மேல் சுருங்கும். டியூலிப்வுட் இரண்டரை மி.மீ. போதாதா, ஒட்டு விலக? பலகைக் கட்டுகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றியே வைத்து, வெட்டும் அன்று பிரிப்பது நல்லது. ஈரமானியைப் பலகை முனையில் குத்தினால் சரியாகக் காட்டாது. முனையிலிருந்து இரண்டடியாவது உள்ளே தள்ளிக் குத்த வேண்டும்.

பில்லில் இருப்பது கிராஸ் டாலியா, நெட் டாலியா (டாலி என்றால் மர அளவுக் கணக்கு) என்றும் பார்க்க வேண்டும். கிராஸ் என்றால் சூளைக்கு முந்தைய பச்சை அளவு, நெட் என்றால் உலர்ந்த பிந்தைய அளவு. கிராஸில் 10,000 போர்டு அடிக்கு (ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலத் தடிமன் ஒரு போர்டு அடி) பணம் கட்டினால் 700–800 அடி சுருக்கத்தில் போயிருக்கும். அதாவது ஒன்றரைக் கன மீட்டருக்கு மேல். ஒரு விற்பனையாளர் கிராஸிலும் இன்னொருவர் நெட்டிலும் விலை சொன்னால், மலிவாகத் தெரிவது மலிவாக இராது.