ஜூன் 14, நள்ளிரவு

மணி பன்னிரண்டாகப் போகிறது. தூங்கச் சொன்னால் கேட்காமல் போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் மகள்.

அமெரிக்காவில் நீச்சல் உட்படப் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு இதுதான் கணக்கு. பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15 வரும்வரை டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டில் மேல்மட்டம்) கல்லூரிகளின் கோச்சுகள் பிள்ளைகளிடம் கல்லூரி அணியில் சேர்ப்பது பற்றிப் பேசக் கூடாது. நாம் எழுதலாம், அவர்கள் பதில் போட முடியாது.

12:04-க்கு முதல் மெயில். அவளுடைய 100 கெஜம் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் டைமை நொடியில் நூறில் ஒரு பங்குவரை சரியாக எழுதியிருந்தார் கோச். (இங்கே பள்ளி நீச்சல் பெரும்பாலும் கெஜக் கணக்குதான். சென்னையில் மீட்டரில் நீந்தும் அண்ணன் மகனோடு நேரடியாக ஒப்பிட வழியில்லை.) அடுத்த வரியிலேயே மார்க் ஷீட் கேட்டிருந்தார்.

காலையில் ஊரிலிருந்து என் மாமா போனில். "அப்போ ஃபீஸ் கட்ட வேண்டாமா?"

கீழ்மட்டமான டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, டிவிஷன் 1-இல் ஆடும் ஹார்வர்டும் யேலும்கூடத் தருவதில்லை என்றேன்.

"அப்புறம் எதுக்குடா விடியறதுக்கு முன்னாடி புள்ளைய எழுப்பிக் கூட்டிட்டுப் போற?"

நியாயமான கேள்விதான். அட்மிஷனில் கோச் சொல்லும் ஒரு வார்த்தைக்கு என்ன எடை என்று போனில் விளக்கி முடியாது.

பதில் மெயிலைக் கொஞ்சம் திருத்தித் தரவா என்று மகளிடம் கேட்டேன்.

"வேண்டாம்ப்பா. நீங்க எழுதினா கோச்சுக்கு உடனே தெரிஞ்சிடும்."