சென்னையில் வீடு தேடியபோது பகுதிகளை ஒப்பிட்ட விதம்

திருச்சி உறையூரிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்வது என்று முடிவானதும், எந்தப் பகுதி பாதுகாப்பானது என்று உறவினர்களிடமும் உடன் வேலை செய்பவர்களிடமும் விசாரிக்கத் தொடங்கினோம். கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. எனக்குக் கிண்டியில், அதுவும் சில வாரங்களில் இரவு ஒன்பதரை மணிக்கு முடியும் ஷிஃப்ட். உடன் வருபவர்கள் இதய நோய்க்கு மருந்து சாப்பிடும் மாமனாரும், எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும். விசாரித்த இடத்திலெல்லாம் கிடைத்த பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: அண்ணா நகர், அடையாறு, மயிலாப்பூர் நல்ல இடங்கள், ஆனால் வாடகை கட்டுப்படியாகாது, வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் பாருங்கள், வட சென்னை மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படிச் சொன்னவர்களில் பெரும்பாலானோர் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு வடக்கே ஒரு நாளும் தங்கியவர்கள் அல்லர் என்பது பேச்சுவாக்கில் தெரியவந்தபோது, வாய்மொழியை நம்பாமல் நாங்களே ஒப்பிட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்தோம்.

குற்றக் கணக்கிலிருந்து தொடங்கினோம். அது அதிக தூரம் அழைத்துச் செல்லவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் ஆண்டறிக்கையில் சென்னை முழுவதும் ஒரே நகரமாகத்தான் வருகிறது. பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் தனித்தனிக் கணக்கு அதில் கிடையாது. முதல் தகவல் அறிக்கைகளை, விதிவிலக்கானவை நீங்கலாக, இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டிருப்பதால் காவல் நிலைய வாரியாகத் தேடிப் பார்க்கலாம் என்றாலும், அவற்றை எண்ணி ஒப்பிடுவதில் வேறு சிக்கல்கள் இருக்கின்றன. காவல் நிலைய எல்லையும் மாநகராட்சி வார்டு எல்லையும் ஒன்றல்ல. 2022 தொடக்கத்தில் தாம்பரம், ஆவடி என இரண்டு புதிய மாநகரக் காவல் ஆணையரகங்கள் பிரிந்த பிறகு, பள்ளிக்கரணை போன்ற பகுதி குப்பைக்கும் சாலைக்கும் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்ததாகவும், காவலுக்குத் தாம்பரத்தைச் சேர்ந்ததாகவும் இருக்கிறது. தியாகராய நகர் போன்ற கடைவீதிப் பகுதியில் பிக்பாக்கெட் வழக்குகள் அதிகம் என்றால், அவை அங்கே துணி எடுக்க வந்தவர்கள் பறிகொடுத்தவையே தவிர, குடியிருப்பவர்களின் அன்றாட ஆபத்தைக் காட்டுபவை அல்ல. புகார் கொடுக்கத் தயங்காத மக்கள் வாழும் இடத்தில் வழக்குகள் கூடுதலாகப் பதிவாவதும் இயல்பு. ஆகவே இந்த எண்ணிக்கையை வைத்து ஒரு பகுதியைச் சேர்க்கவோ கழிக்கவோ வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டோம்.

உண்மையில் எங்கள் பட்டியலை மாற்றியது மழைதான். சென்னையில் குடும்பத்தோடு வாழ்பவருக்குத் திருடனைவிட டிசம்பர் மாதம் பெரிய கவலை என்பது என் கருத்து. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டபோது முடிச்சூரிலிருந்து ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை அடையாற்றின் இரு கரைகளும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. இவை இரண்டும் வேறு வேறு வகை வெள்ளங்கள். ஆற்றோர வெள்ளம் வேகமாக ஏறுவதால் உயிருக்கு ஆபத்து அதிகம். சதுப்பு நிலத்தை ஒட்டிய வெள்ளமோ மெதுவாக ஏறி, வடிவதற்கு வழியில்லாமல் தங்கிவிடுகிறது. தென் சென்னையின் ஏரிகளிலிருந்து வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலுக்குப் போக முடியும். அந்தச் சதுப்பு நிலத்தில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022-இல் ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது; சுற்றிலும் இருந்த பழைய பரப்பின் பெரும்பகுதி கட்டடங்களாகிவிட்டது. பெருமழை அறிவிப்பு வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டுப் போகிறவர்களைப் பார்த்துச் சிலர் கேலி பேசினார்கள். எனக்கு அவர்கள்மீது மரியாதைதான் வந்தது. தங்கள் தெருவைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு எந்த வரைபடத்துக்கும் தெரியாது.

அதனால் நாங்களும் தெருவைக் கேட்கத் தொடங்கினோம். வீட்டு உரிமையாளரிடமோ புரோக்கரிடமோ கேட்டால் “இங்கெல்லாம் தண்ணியே நிக்காதும்மா” என்ற பதில் உறுதி. மடிப்பாக்கத்தில் அப்படிச் சொல்லப்பட்ட ஒரு வீட்டில், மின் மீட்டர் பெட்டி என் தலைக்கு மேலே பொருத்தப்பட்டிருந்தது. மோட்டார் இடுப்பளவு மேடை கட்டி ஏற்றப்பட்டிருந்தது. சுற்றுச்சுவரின் புதுப் பெயின்ட்டுக்கு அடியில் ஒரு நேர்கோடு இலேசாகத் தெரிந்தது. எதிரே இஸ்திரி வண்டி வைத்திருந்தவர், “பதினைஞ்சுல இந்தப் பலகையே முழுகிச்சுக்கா, 23-ல சக்கரம் பாதி வரைக்கும் வந்துச்சு, அவ்வளவுதான்” என்றார். அந்த ‘அவ்வளவுதான்’ எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. இஸ்திரிக்காரர், ஆவின் பாலகம் நடத்துபவர், மருந்துக் கடைக்காரர் ஆகியோருக்கு வாடகையில் பங்கு இல்லை; எனவே பொய் சொல்லக் காரணமும் இல்லை. இன்னொன்றையும் கவனித்தோம்: பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே சாலை போட்டதால், பல தெருக்களில் வீட்டு வாசல் சாலையைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. அத்தகைய வீட்டில் சாதாரண மழைக்கே தண்ணீர் உள்ளே வரும். அதற்குப் புயல் தேவையில்லை.

வடக்கே போய்ப் பார்த்தபோது வெள்ளம் அங்கே இல்லை என்று சொல்ல முடியவில்லை. ‘ஓட்டேரி நல்லா’ என்ற கால்வாய் ஓடும் வழியில் புளியந்தோப்பு, அயனாவரத்தின் தாழ்வான பகுதிகள் ஒவ்வொரு மழைக்கும் அல்லல்படுகின்றன. கணேசபுரம் சுரங்கப்பாதை மூடப்பட்டது என்ற செய்தி மழைக்காலத்தில் வழக்கமானது. தெற்கே ‘நல்ல ஏரியா’ என்று பெயர் வாங்கிய நங்கநல்லூருக்குப் பக்கத்தில் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையும் அப்படித்தான் மூழ்குகிறது. ஆனால் அதை வைத்து யாரும் நங்கநல்லூர் வேண்டாம் என்று சொல்வதில்லை. 2021 நவம்பரில் தியாகராய நகரே பல நாள்கள் தண்ணீரில் நின்றது. பணக்காரப் பகுதியில் நின்ற தண்ணீர் நிர்வாகக் கோளாறு என்றும், ஏழைப் பகுதியில் நின்ற தண்ணீர் அந்தப் பகுதியின் குணம் என்றும் பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது.

கோடைக்கான விசாரணை தனி. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய குடிநீர் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்ததை ஊரில் செய்தியாகப் படித்திருந்தோம். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இயங்குவதால் இன்று நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றாலும், குழாய் எந்தத் தெரு வரை வந்திருக்கிறது என்பதே கேள்வி. 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது சேர்க்கப்பட்ட புறநகர்ப் பகுதிகள் பலவற்றில் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. புத்தம்புதிய அடுக்குமாடி, லிஃப்ட், பூங்கா எல்லாம் இருந்து, தண்ணீர் லாரியில் வந்து கழிவுநீரும் லாரியில் போகும் வீடுகளை நாங்கள் பார்த்தோம். பராமரிப்புக் கட்டணம் என்று சொல்லப்படும் தொகையில் இந்த லாரிகளின் செலவும் அடக்கமா, அல்லது தனியா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. வாய்ப்பேச்சில் அது எப்போதும் ‘கம்மிதான்’. மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத்தின் தண்ணீர்) எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, சம்ப்பின் கொள்ளளவு என்ன, மே மாதத்தில் போர்வெல்லில் தண்ணீர் இருந்ததா என்பவற்றை மேல்மாடிக் குடித்தனக்காரரிடம் கேட்டால் சரியான விடை கிடைக்கும்.

காற்றைப் பற்றி வட சென்னைமீது சொல்லப்படும் குறை நியாயமானது. மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூரின் அனல் மின் நிலையங்களும் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கும் அங்கேதான் இருக்கின்றன. மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர் மீனவர் குடியிருப்புகளுக்குள் புகுந்ததை மறக்க முடியாது. மாமனாரின் உடல்நிலையைக் கருதி மணலி, எண்ணூர், கொடுங்கையூர் மூன்றையும் நீக்கினோம். அதே காரணத்துக்காகப் பெருங்குடியையும் நீக்கினோம். அங்கே குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரலில் தீப்பற்றிப் பல நாள்கள் புகைந்ததைச் சுற்றிலும் இருந்த விலை உயர்ந்த குடியிருப்புகளும் சுவாசித்தன.

இரவு நேரத்தை நானே நடந்து பார்த்தேன். பகல் பதினோரு மணிக்கு வீட்டைக் காட்டும் புரோக்கர், இரவு பத்து மணிக்கு அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று காட்டுவதில்லை. பழைய மாமல்லபுரம் சாலையின் உட்பகுதியில் ஒரு குடியிருப்பு வளாகம் எங்களுக்குப் பிடித்திருந்தது: வாசலில் காவலர், கேமரா, வருபவர் பெயரை எழுதும் பதிவேடு. ஆனால் பேருந்து நிறுத்தத்திலிருந்து அந்த வாசல் வரை இருந்த தூரத்தில் காலி மனைகளும் அணைந்த விளக்குகளும் நாய்களும் மட்டுமே இருந்தன. காரில் வந்து இறங்குபவருக்கு அது பாதுகாப்பான இடம். ஷேர் ஆட்டோவில் வருபவருக்கு அப்படியல்ல. பெரம்பூருக்கும் அயனாவரத்துக்கும் இடையே பார்த்த ஒரு தெருவில் அதே நேரத்தில் இட்லிக் கடையில் ஓர் அம்மா வியாபாரம் செய்துகொண்டிருந்தார்; வாசற்படிகளில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்; இரண்டு பேர் “யார் வேணும்?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி அப்போது சற்று எரிச்சலூட்டினாலும், என் மகள் தனியாக டியூஷன் விட்டு வரும்போது அந்தக் கேள்வி கேட்கும் ஆட்கள் தெருவில் இருக்க வேண்டும் என்றே தோன்றியது. டாஸ்மாக் கடை எங்கே இருக்கிறது என்பதைவிட, அங்கிருந்து திரும்புகிறவர்கள் எந்த வழியாக நடக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும் என்பதையும் அந்த நடையில்தான் கற்றுக்கொண்டேன்.

பாதுகாப்பு என்ற பெயரில் வீட்டு உரிமையாளர்கள் எங்களை ஒப்பிட்டதையும் சொல்லியாக வேண்டும். மயிலாப்பூர்ப் பக்கம் ஒருவர் வீட்டைக் காட்டும் முன்பே, “நான்-வெஜ் சமைப்பீங்களாம்மா?” என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறக்காமலே பேச்சை முடித்தார். இன்னொருவர் சொந்த ஊரையும் குலதெய்வத்தையும் சுற்றிச் சுற்றி விசாரித்தார். அவர் அறிய விரும்பியது என்ன என்பது இருவருக்கும் தெரியும். நான் இரவில் திரும்புவேன் என்றதும் பின்வாங்கியவர்களும் உண்டு. குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கான குடியிருப்பான கண்ணகி நகரின் இளைஞர்கள் வேலைக்கு மனுப் போடும்போது முகவரியை மாற்றி எழுதும் நிலை இருப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆற்றங்கரைக் குடிசைகள் ஆபத்தானவை என்று சொல்லி நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்டவர்களைச் சதுப்பு நிலத்தின் ஓரத்திலுள்ள பெரும்பாக்கத்தில் குடியமர்த்திவிட்டு, பிறகு அந்தப் பகுதியையே ஆபத்தானது என்று பெயர் சூட்டுவதுதான் இந்த நகரம் பகுதிகளை ஒப்பிடும் முறை.

இறுதியில் பெரம்பூர் – அயனாவரம் இடையே இருந்த அந்தத் தெருவிலேயே முதல் மாடி வீட்டை எடுத்தோம். நல்லாவிலிருந்து தள்ளி இருப்பது, வாசல் சாலையைவிட உயரமாக இருப்பது, பெரியார் நகரிலும் பெரம்பூர் ரயில்வே வளாகத்திலும் மருத்துவமனைகள் இருப்பது, கணவருக்கு அம்பத்தூருக்கு நேரடிப் புறநகர் ரயில், எனக்கு சென்ட்ரல் வந்து மெட்ரோவில் கிண்டி ஆகியவை முடிவைத் தீர்மானித்தன. உரிமையாளர் வழக்கப்படி பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டார். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. அந்த ‘வேறு உடன்பாடு’ என்ற சொற்களில்தான் நகரமே குடியிருக்கிறது. பேசிப் பேசி ஐந்து மாதத்துக்கு இறக்கினோம். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்வதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. மாமனாரின் மருத்துவக் கோப்புகளுக்கும் மகளின் பள்ளிச் சேர்க்கைக்கும் முகவரிச் சான்றாக அது உதவியது.

குடிவந்த பின் ஒரு பருவமழை கடந்திருக்கிறது. தெருமுனையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று மறுநாளே வடிந்தது. இரண்டாம் கட்ட மெட்ரோ பணிகளால் புழுதியும் போக்குவரத்து மாற்றமும் தொல்லையாக இருக்கின்றன. ஜன்னலைத் திறந்து வைக்க முடிவதில்லை, மாமனாரின் காலை நடையை ரயில்வே குடியிருப்புப் பக்கமாக மாற்றியிருக்கிறோம். பெரம்பூரிலும் அயனாவரத்திலும் மெட்ரோ நிலையங்கள் திறந்ததும் என் பயணம் எளிதாகும். வாடகையும் ஏறும் என்பதை உரிமையாளர் இப்போதே கோடிகாட்டிவிட்டார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சில், சம்ப்பைச் சுத்தம் செய்து தருவதையும் மாடிப்படிக்கு விளக்குப் போடுவதையும் முதல் நிபந்தனையாக வைக்க எழுதி வைத்திருக்கிறேன்.