இடது கைக்காரனுக்கு எந்தத் துப்பாக்கி?

அஞ்செட்டிப் பக்கம் தனிக்காட்டில் எங்கள் வீடு. காவலுக்கென்று அப்பா அந்தக் காலத்தில் வாங்கிய .315 ரைஃபிள் (எண், குழலின் அளவு) ஒன்று இருக்கிறது. உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கி 25 ஆண்டு அவரிடம் இருந்தாலோ வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கலாம் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. "உன் பேருக்கு மாத்திக்கோடா" என்றார் அப்பா. நான் இடது கைக்காரன். யோசனை அங்கே ஆரம்பித்தது.

முதலில் ஒன்று. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை என்ற பேச்சே கிடையாது. ராகிக்குள் பன்றி இறங்கினாலும் நாமாகச் சுடக் கூடாது.

அப்பாவோடு ரைஃபிளை எடுத்துக்கொண்டு சேலத்தில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் சோதித்தது என் கண்ணை. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோணம் வைத்து, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். வலக்கண்ணை மூடினேன், கடிகாரம் அப்படியே நின்றது. இடக்கண்ணை மூடினேன், காணாமல் போனது. குறி பார்ப்பது இடக்கண், அதனால் துப்பாக்கியும் இடது தோளில்தான். வலக்கண் என்று வந்திருந்தால், இடது கைக்காரனானாலும் வலது தோளில் பழகச் சொல்லியிருப்பாராம்.

தோட்டா இல்லாத .315-ஐ இடது தோளில் வைத்துப் பார்த்தேன். தோட்டா ஏற்ற இழுத்துத் தள்ளும் போல்ட்டின் கைப்பிடி வலப்பக்கம். இடது கை விசையில், வலது கை முன்கட்டையில். அடுத்த தோட்டா ஏற்ற, தாங்குகிற கையைத்தான் எடுக்க வேண்டும். குழல் முனை தொங்கிவிடுகிறது. இடது கையை மேலே கொண்டுபோய் இழுத்தால் முகம் கட்டையை விட்டு விலகுகிறது. இடப்பக்க போல்ட் அந்தக் கடையில் இல்லை.

சரி, வேறு அளவு? .303 ராணுவத் தோட்டா, நமக்குத் தடை. .30-06 இன்னும் பலமானது. .22 உதைக்காது, ஆனால் அந்தச் சின்னத் தோட்டாவே ஒரு மைலைத் தாண்டிப் போகும். எங்கள் காட்டைச் சுற்றி ராத்திரியில் பரண் காவல் ஆட்கள் இருக்கிறார்கள், பட்டியில் மாடுகள் இருக்கின்றன. இருட்டில் தோட்டா எங்கே போய் நிற்கும் என்று தெரியாத இடத்தில் எனக்கு ரைஃபிளே வேண்டாம் என்று முடிவு செய்தேன். 12 போர் என்பது உள்ளே புரி இல்லாத, வழுவழுப்பான குழல் துப்பாக்கி; அதன் தோட்டாவிலிருந்து பாயும் சின்னச் சின்ன ரவை முப்பது, நாற்பது மீட்டரைத் தாண்டினால் சிதறி வலுவிழக்கும். எனக்கு அவ்வளவு தூரம் போதும்.

1959 ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் இதற்கே தோது. காவலுக்கு, 20 அங்குலத்துக்குக் குறையாத வழுவழுப்பான குழல் உள்ள துப்பாக்கி கேட்டால், வேறு தடை இல்லாதபோது உரிமம் தர வேண்டும். ரைஃபிள் என்றால் நல்ல காரணம் இருப்பதாக அதிகாரி திருப்திப்பட வேண்டும்.

கலெக்டர் அலுவலகம், போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, பயிற்சி எல்லாம் முடிய எட்டு மாதம் ஆனது. துப்பாக்கி ரகத்தை நான் தெளிவாக எழுதாததால் விண்ணப்பம் ஒரு முறை திரும்பியும் வந்தது. புதிதாக எழுதுகிறவர்கள் அந்தக் கட்டத்தை இரண்டு முறை பாருங்கள்.

இரட்டைக்குழல் வாங்கினேன். நடுவில் மடித்துத் தோட்டா போடுவது, போல்ட் தொல்லை இல்லை. ஆனால் பல துப்பாக்கிகளில் பின்கட்டை வலது கைக்காரருக்காக லேசாக வளைந்திருக்கும். இடது கன்னத்தில் இடிக்கும். நாலைந்தைத் தோளில் வைத்துப் பார்த்து, நேர்க்கட்டை உள்ளதை எடுத்தேன்.

அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். .315 இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. தேர்தல் வந்ததும் இரண்டையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க ஒரே வண்டியில் போனோம். வழியெல்லாம் தன் ரைஃபிளை அவர்தான் மடியில் வைத்திருந்தார்.