45,000 ரூபா கேட்டார்கள், கோளாறு ஒரு மூடியில்

மலைநாட்டில் இருந்து வந்து பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஆனால் இதை இப்போதே எழுதாவிட்டால் கோபம் ஆறிவிடும், ஆறிய பிறகு எழுதினால் சொல்ல வேண்டியதில் பாதி விடுபட்டுப் போகும். வாட்டர் கூலிங் உள்ள மோட்டார் சைக்கிளில் நுவரெலியா, அப்புத்தளை, எல்ல பக்கம் போக நினைக்கிறவர்கள் டயர் பார்ப்பார்கள், பிரேக் பார்ப்பார்கள், நல்ல மழைக்கோட்டு வாங்குவார்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற, எஞ்சினைச் சுற்றி வரும் தண்ணீரின் சூட்டை ஆற்றுகிற ரேடியேட்டரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மலையில் முதல் அடி வாங்குவதே அதுதான். பாதை, செலவு, பிறகு ரேடியேட்டர் என்று வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ9 வழியாகக் கண்டி. அங்கிருந்து பேராதனை, கம்பளை, புசல்லாவ, றம்பொடை, நுவரெலியா. அப்புறம் வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை, பெரகலை, கொஸ்லந்தை என்று வெல்லவாயவுக்கு இறங்கி, திரும்ப எல்லவுக்கு ஏறுவதுதான் திட்டம். இரண்டு பேர், இரண்டு பைக். நண்பனுடையது ஏர் கூலிங், 150 சிசி. என்னுடையது 200 சிசி, ரேடியேட்டர் வைத்தது, இன்னொருவரிடம் வாங்கியது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய பைக்குகளின் விலை எங்கே போனது என்று வாங்கப் போனவர்களுக்குத் தெரியும். பைக்குக்கே அந்த விலை என்றால் அதன் பாகம் ஒன்று உடைந்தால் என்ன ஆகும்? பயணம் முழுக்க என் தலையில் ஓடியது அதுதான். பெற்றோலுக்கு ஒதுக்கிய காசு போக, கைச்செலவுக்கு மிஞ்சியதில் ஒரு பெரிய திருத்தவேலைக்கு இடமே இல்லை.

றம்பொடை ஏற்றம் அழகு. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அங்கே கொழுந்து லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். முதல் கியர், இரண்டாம் கியர், மணிக்கு 15 கிலோமீற்றர், எஞ்சின் சுற்று மட்டும் உச்சத்தில். எஞ்சின் முழு வேலை செய்கிறது, எதிர்க்காற்று இல்லை, முன்னால் போகிற லொறியின் சூட்டுப் புகைதான் ரேடியேட்டருக்குள் போகிறது. அந்த நேரம் பைக்கைக் காப்பாற்றுவது ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற சின்ன மின்விசிறி ஒன்றுதான். அதனால் ஏற்றத்தில் லொறிக்கும் பஸ்ஸுக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். அகலமான இடம் பார்த்து ஒதுங்கி அதைப் போகவிட்டு, இடைவெளி வந்த பிறகு ஒரே வேகத்தில் ஏறுங்கள். நாங்கள் அப்படித்தான் ஏறினோம், நுவரெலியா வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை, குளிர்காற்றும் துணைக்கு இருந்தது.

அப்புத்தளை பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை, பெயர்ப்பலகை கூட இல்லை. கல்லில் சுட்டுச் சுட்டுப் போட்ட தேங்காய் ரொட்டி, அம்மியில் அரைத்த கட்டச்சம்பல், பக்கத்தில் பருப்பு, பிறகு இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ. ரொட்டியின் ஓரம் கருகி மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று. சம்பலில் மாசி அளவாக. கண்ணில் தண்ணீர் வந்தும் நிறுத்த முடியவில்லை. கடைக்கார அம்மா இரண்டாம் முறை பருப்பு ஊற்றியதற்குக் காசு வாங்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து 600 ரூபாவுக்குள் முடிந்தது. எல்லவில் அந்தக் காசுக்கு ஒருவர் கோப்பி குடிக்கலாம், அவ்வளவுதான்.

அங்கிருந்து தம்பேத்தன்னை தோட்டம் வழியாக லிப்டன் சீட் என்கிற காட்சிமுனை. தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலையைத் தாண்டித் தேயிலை மலைக்குள்ளேயே வளைந்து வளைந்து போகிற ஒடுக்கமான பாதை. முதல் நாள் பின்னேரம் பெய்த மழையில் மேட்டில் இருந்து மண் வழிந்து வந்து பாதை முழுக்கச் செம்மண் குழம்பு. முன் டயர் அந்தச் சேற்றை அப்படியே எடுத்து நேராக ரேடியேட்டரில் அடிக்கிறது. மேலே போய்ப் பார்த்தால் ரேடியேட்டரின் கீழ்ப்பாதி தெரியவில்லை. சேறு ஈரமாக இருக்கும்போது ஒரு போத்தல் தண்ணீரை மெதுவாக ஊற்றினாலே போய்விடும். காய்ந்துவிட்டால் சூளையில் வைத்த செங்கல் மாதிரி தகடுகளுக்கு இடையில் இறுகிவிடும். அங்கே தண்ணீர் இல்லை, இறங்கி வருவதற்குள் எஞ்சின் சூட்டில் அது காய்ந்தே விட்டது.

சரி, கழுவிவிடலாம் என்று வழியில் ஒரு சேர்விஸ் ஸ்டேஷனில் விட்டோம். என் கோபம் தொடங்குகிற இடம் அது. தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் அங்கிருந்த பொடியன் பிரஷர் கன்னை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, நேராக ரேடியேட்டரிலேயே அடித்து முடித்திருந்தான். ரேடியேட்டரின் தகடுகள் காகிதம் போன்ற அலுமினியம், விரல் நகத்தால் அழுத்தினாலே வளையும். அந்த அழுத்தத்தில் வரிசை வரிசையாக மடிந்து படுத்துவிட்டன. மடிந்த இடத்தில் காற்று போகாது, சேறு அடைத்தால் என்னவோ அதேதான். பொடியனைக் குற்றம் சொல்லவில்லை, யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். நடத்துகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காட்டிக் கேட்டதற்கு "அது முந்தியே அப்பிடித்தான் இருந்தது" என்றார். 800 ரூபாவும் வாங்கிக்கொண்டார்.

பெரகலையில் இருந்து கொஸ்லந்தை பக்கம் இறங்கும்போது மீரியபெத்தையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடிய இடம். அதே மழை, அதே மண். பைக்கில் போகிற எங்களுக்குச் சேறு ஒரு தொல்லை, அதன் கீழேயே குடியிருக்கிறவர்களுக்கு அது வேறு. தியலும நீர்வீழ்ச்சியை நின்று பார்த்தோம், 220 மீற்றர், கழுத்து வலிக்கப் பார்க்கலாம், காசு கேட்க யாரும் இல்லை.

வெல்லவாயவுக்கு நடுமதியம் வந்து சேர்ந்தோம். மேலே குளிர்கோட்டு, கீழே அனல். அங்கிருந்து எல்ல ஏற்றம் தொடங்குகிறது, ஒரே மூச்சில் ஆயிரம் மீற்றர் உயரத்துக்குப் போகிற பாதை. பாதி தூரத்தில் எஞ்சின் சூட்டு எச்சரிக்கை விளக்கு எரிந்தது, எரிந்த கையோடு பின்னால் இருந்து நண்பன் கத்தினான், "மச்சான், நிப்பாட்டு, உன்ர பைக்கில புகை வருது!" புகை இல்லை, நீராவி. இராவணா எல்ல நீர்வீழ்ச்சிக்குச் சற்றுக் கீழே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினோம்.

இந்த இடத்தில் ஒன்று. விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது, சூடு ஏறுகிறது, ஆனால் விளக்கு இன்னும் எரியவில்லை என்றால் உடனே சாவியை மூடாதீர்கள், நிறைய பைக்குகளில் சாவியோடு விசிறியும் நின்றுவிடும். ஓரமாக நிறுத்திச் சும்மா ஓடவிட்டால் தானாக இறங்கும். விளக்கு எரிந்து நீராவியும் வந்துவிட்டால் கதை வேறு, எஞ்சினை அந்த நொடியே நிறுத்த வேண்டும். எந்த நிலையிலும் சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடைபட்டிருக்கிற கொதிநீர் மூடி திறந்தால் முகத்துக்குத்தான் வரும். ரேடியேட்டரைக் கையால் தொட்டுப் பிடிக்க முடிகிற வரை காத்திருந்து, துணியைப் போட்டு மெல்லத் திருக வேண்டும். முக்கால் மணித்தியாலம் நின்றோம், பக்கத்தில் சோளம் விற்ற அக்காவிடம் சோளம் வாங்கிச் சாப்பிட்டோம், பாதையோரப் பீலியில் தண்ணீர் பிடித்து ஊற்றினோம். அவசரத்துக்கு அது பரவாயில்லை.

எல்லவில் ஒரு கராஜ். பார்த்தது இரண்டு நிமிடம். "ரேடியேட்டர் முடிஞ்சுது, புதுசு போடணும், 45,000 ஆகும், கொழும்பில இருந்து வர ரெண்டு நாள்." ரெண்டு நாள் என்றால் எல்லவில் இரண்டு இரவு அறை வாடகை. மூடியைத் திறந்து பார்க்கவில்லை, ஒழுகுகிறதா என்று பார்க்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. வெளியூர் நம்பர் பார்த்து விலை சொல்கிற ஊரில் பைக்கைத் திருத்தக் கொடுக்காதீர்கள். மாலைக் குளிரில் மெதுவாக, நின்று நின்று, பண்டாரவளைக்கு ஓட்டிப் போனோம்.

பண்டாரவளையில் ஒரு சந்துக்குள் இருந்த கராஜைத் தங்கிய இடத்தில் காட்டினார்கள். அறுபது வயது இருக்கும் அந்த அண்ணைக்கு. ஸ்பானரை எடுக்கவே இல்லை, முதலில் ஆறட்டும் என்று உட்கார வைத்தார். ஆறிய பிறகு, ரேடியேட்டர் வெளியே தள்ளுகிற தண்ணீர் போய் நிற்கிற ரிசேவ் டாங்கியைக் காட்டினார், விளிம்பு வரை நிறைந்திருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தார், உள்ளே தண்ணீர் கீழே கிடந்தது. "தம்பி, இது ரேடியேட்டர் கோளாறு இல்ல. மூடிதான். சூட்டுல வெளிய தள்ளுது, ஆறினா திரும்ப இழுக்கணும்ல, இழுக்கல. இந்த ரப்பரப் பாருங்க." ரப்பர் கல்லாக இறுகி வெடித்திருந்தது.

அந்த மூடி வெறும் மூடி இல்லை. என்னுடையதில் 1.1 என்று பொறித்திருக்கிறது, அதாவது 1.1 பார் அழுத்தம் வரை உள்ளே அடைத்து வைக்கும். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட், அதாவது ரேடியேட்டருக்கு ஊற்றுகிற திரவம், திறந்த பாத்திரத்தில் 107 பாகையளவில் கொதிக்கும், அந்த அழுத்தத்தில் 125க்கு மேல் போனால்தான் கொதிக்கும். மூடி பிடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. அதோடு உயரம் வேறு. கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர் எல்லவில் 97க்குள் கொதிக்கும், 1,868 மீற்றரில் இருக்கிற நுவரெலியாவில் 94இல் கொதிக்கும். நிறைய பைக்குகளில் விசிறி தொடங்குவதே 100 பாகைக்குக் கிட்டத்தான். வெறும் தண்ணீரும் கெட்ட மூடியும் சேர்ந்தால் விசிறி சுற்றுவதற்கு முன்னமே கொதித்துவிடும். யாழ்ப்பாணத்துச் சமதரையில் காற்று வாங்கிக்கொண்டு ஓடும்போது இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது.

வடித்தபோது வந்தது கூலண்டும் இல்லை, மண்ணிறத் தண்ணீர், அதில் வெள்ளைப் பொடி. "யாழ்ப்பாணத்துக் கெணத்துத் தண்ணியா?" என்று கேட்டார். பைக்கை விற்றவர் கூலண்ட் மாற்றித் தந்ததாகத்தான் சொன்னார், ஊற்றியது கிணற்றுத் தண்ணீர். எங்கள் ஊர் நிலத்தடி சுண்ணாம்புக்கல், தண்ணீர் கேத்தலிலேயே வெள்ளையாகப் படியும், ரேடியேட்டரின் நூல் போன்ற குழாய்களில் படியாமல் இருக்குமா? தண்ணீர் உறையாமல் இருக்கத்தான் கூலண்ட், இங்கே அது தேவையில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. கூலண்ட் துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை ஏற்றுகிறது, அதற்காகத்தான் அது. கலந்தே வருகிற போத்தலை வாங்குங்கள், கெட்டியானதை வாங்கினால் காய்ச்சி வடித்த நீரில் மட்டும் கலக்குங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரியாமல் புதியதை அதன் மேல் ஊற்றாதீர்கள். நிறத்தை வைத்து வகையைச் சொல்ல முடியாது. வடித்ததை அண்ணை ஒரு கேனில் பிடித்து மூடி வைத்தார். கூலண்ட் இனிக்குமாம், நாய் நக்கினால் செத்துவிடும், அதனால் என்ன வடித்தாலும் தரையில் விடுவதில்லை என்றார்.

பிறகு ஒரு டோர்ச்சை ரேடியேட்டருக்குப் பின்னால் பிடித்து முன்னால் இருந்து பார்க்கச் சொன்னார். வெளிச்சம் தெரிகிற இடத்தில்தான் காற்றும் போகும். பாதிதான் தெரிந்தது. மெல்லிய தட்டைக் கத்தியால் மடிந்த தகடுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார், மென்மையான பிரஷால் தகடுகள் போகிற திசையிலேயே தேய்த்தார், எஞ்சின் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாகக் குழாய்த் தண்ணீரை மெல்ல விட்டார். முன்னால் இருந்து விட்டால் சேறு இன்னும் உள்ளே போகும். மூடி 1,200, கூலண்ட் 1,900, கூலி 1,500. மொத்தம் 4,600. நான் கூட வைத்த காசைத் திருப்பிக் கையில் வைத்தார்.

மறுநாள் நுவரெலியா ஏற்றம் முழுவதும் விளக்கு எரியவில்லை, விசிறி இரண்டொரு தடவை சுற்றி நின்றது, அவ்வளவுதான்.

கண்டி வந்ததும் ரேடியேட்டருக்கு முன்னால் பூட்டுகிற பாதுகாப்பு வலை, அதாவது கார்ட், தேடினேன். கடையில் தயாராக இருந்ததுக்கு 6,500 சொன்னார்கள், ஓட்டைகள் மிகச் சின்னது, காற்றை மறிக்கும். சிலர் நுளம்பு வலைக் கம்பியை மடித்துக் கட்டுகிறார்கள், அது ரேடியேட்டரைப் போர்வை போட்டு மூடுகிற வேலை. தகரவேலை செய்கிற ஒருவரிடம் அரை சென்ரிமீற்றர் ஓட்டை உள்ள கம்பி வலையை வெட்டி, தகடுகளில் முட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு, அதிராமல் இருக்க ரப்பர் வாஷர் போட்டு இறுக்கினேன், 1,800 ரூபா. கல் இனித் தகட்டில் படாது. சேற்றுக்கு வலை போதாது, அதற்கு முன் மட்காட்டின் கீழ் நுனியில் பழைய டியூப்பில் வெட்டிய ரப்பர் துண்டு ஒன்றை இரண்டு போல்ட்டில் பூட்டினேன், அதற்குச் செலவே இல்லை, ஆனால் சேற்றில் பாதி அதிலேயே நின்றுவிடுகிறது. மழைக்காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் கார்ட் வாங்கக் காசு இல்லாவிட்டாலும் இந்த ரப்பரை மட்டுமாவது போட்டுக்கொண்டு போங்கள், கழுவ விட்டால் பக்கத்திலேயே நில்லுங்கள்.