ஈமம், கருமாதி, கேதம்

காரைக்குடியில் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகைக்குத்தான் முகூர்த்த மாதம் பார்க்க வேண்டும், கருமாதிப் பத்திரிகை வருஷம் முழுக்க வரும். "கருமாதி கார்டு அடிக்கணும்ணே" என்றுதான் எல்லாரும் வருவார்கள். அச்சில் மட்டும் அந்தச் சொல் வேண்டாம் என்பார்கள். சிலர் உத்தரக்கிரியை என்று போடச் சொல்வார்கள், சிலர் ஈமச்சடங்கு என்பார்கள்.

சமீபத்தில் தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு தம்பி, அப்பத்தாவின் கருமாதிக்காக வந்திருந்தார். ஈமச்சடங்கு என்று போடச் சொன்னார். கூட வந்த சித்தப்பாவுக்குச் சந்தேகம். "ஈமம்னா சிதைதானப்பா? நாம எரிக்கலையே, அடக்கம்லடா பண்ணுனோம்?"

நியாயமான கேள்வி. புறநானூற்று 246ஆம் பாட்டில் பூதப்பாண்டியன் தேவி "கருங்கோட்டு ஈமம்" என்பது கரிய கட்டை அடுக்கிய சிதையைத்தான். ஆனால் அதே தொகுப்பில் 256ஆம் பாட்டு இருக்கிறது. பாடியவர் பெயர் தெரியாது. கணவனை வழியில் பறிகொடுத்த ஒரு பெண், மண்பாண்டம் வனையும் வேட்கோவரிடம் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்து ஆரக்காலில் ஒட்டிக்கொண்டே வரும் சிறு வெண்பல்லி போல அவனோடு பல சுரம் கடந்து வந்தவள் நான், எனக்கும் இடம் இருக்கும்படி "ஈமத்தாழி"யை அகலமாக வனைந்து கொடு என்கிறாள். சிதையைச் சொன்ன ஈமம் அங்கே புதைக்கிற தாழியோடு சேர்ந்து நிற்கிறது. அப்படிப்பட்ட தாழிகள் நம் சிவகங்கை மாவட்டத்திலேயே, கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில், 2020 அகழாய்வில் வரிசையாக வெளிப்பட்டன. அந்தப் பாட்டைத் தெரிந்துகொண்டு தாழிகளின் படத்தைப் பார்த்தால் வாயகலத்தைத்தான் முதலில் கண் தேடும்.

இதைச் சொன்னதும் சித்தப்பா, "அப்ப ஈமச்சடங்குன்னே இருக்கட்டும்" என்றார்.

எனக்கு நெருக்கமான சொல் என்னவோ கேதம்தான். வடமொழியில் துயரம் என்று பொருள், நம் பக்கத்தில் அதைக் "கேட்கப்" போகிறோம். இறந்தவருக்கு என்ன செய்வது என்பதைச் சொல்பவை ஈமமும் உத்தரக்கிரியையும். இருப்பவர்களிடம் போய் நிற்பதைச் சொல்வது கேதம். கருமாதிக்கு நாள் குறித்து கார்டு அடிக்க அவகாசம் உண்டு. கேதத்துக்கு யாரும் கார்டு அடிப்பதில்லை. சேதி காதில் விழுந்ததுமே கிளம்பிவிட வேண்டும்.