நிலத்தில் பனி இருந்தால்

ரொறன்ரோவை அடுத்த நகரம் ஒன்றின் கிளை நூலகத்தில் நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்த முதல் ஆண்டில், யூன் மாதத் திட்டத்தைச் சற்றுப் பெருமையுடன்தான் தயாரித்தேன். கனடாவில் 2009 முதல் யூன் மாதம் பூர்வகுடிகளின் வரலாற்று மாதமாகவும், 1996 முதல் யூன் 21 அவர்களுக்குரிய தேசிய நாளாகவும் கொண்டாடப்படுவதால், நூற்காட்சி, ஓவியம், கதைசொல்லல் என்று அந்த ஒரு மாதத்தை நிறைத்துவிடுவது நூலகங்களின் வழக்கம். அனிஷினாபே என்னும் பூர்வகுடியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரை, அவர்களுடைய உலகத் தோற்றக் கதைகளில் வரும் தந்திர நாயகனான நனபுஷின் கதைகளைச் சிறுவர்களுக்குச் சொல்ல வருமாறு தொலைபேசியில் கேட்டேன். நான் சொன்னதை முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தக் கதைகளை நிலத்தில் பனி கிடக்கும் காலத்தில் மட்டுமே சொல்வது தங்கள் மரபு என்றும், கோடையில் வேறு எதைப் பற்றிப் பேசவும் வரத் தடையில்லை என்றும் கூறினார். அவருடைய இசைவைப் பெறும் முன்பே துண்டறிக்கையை அச்சுக்குக் கொடுத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சொன்னபடியே யூன் மாதம் கண்காட்சியைப் பார்க்க வந்தார். அனிஷினாபே மக்களுள் ஒரு பிரிவினரான ஒஜிப்வேயைச் சேர்ந்த ஓவியர் நோர்வல் மொறிசோவின் ஓவியப் படிகளை வரிசையாக மாட்டியிருந்தேன். தடித்த கறுப்புக் கோடுகள், அவற்றுக்குள் அடர்ந்த நிறங்கள், உடலுக்குள் இருப்பதும் வெளியே தெரியும்படி வரையப்பட்ட மீன்கள், கரடிகள், மனிதர்கள். ‘செம்பு இடிப்பறவை’ என்னும் தம் பெயரை அவர் பூர்வகுடி அசையெழுத்தில் கையொப்பமிடுவார் என்பதையும், ஒட்டாவாவிலுள்ள தேசிய ஓவியக்கூடம் 2006-ஆம் ஆண்டில் முதன்முறையாக முதற்குடிகளைச் (First Nations) சேர்ந்த ஓவியர் ஒருவருக்கென நடத்திய தனிக் கண்காட்சி அவருடையது என்பதையும் விளக்க அட்டையில் எழுதியிருந்தேன். மூதாட்டி அட்டையை இருமுறை வாசித்தார். புனிதக் கதைகளை வெளியாருக்கு வரைந்து காட்டலாகாது என்று மொறிசோவைச் சொந்தச் சமூகத்து மூத்தோர் சிலரே எதிர்த்ததை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். கொண்டாட்டத்துக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று நான் அதை விட்டிருந்தேன்.

பிறகு நனபுஷ் கதைநூல்கள் எங்கே என்றார். 398.2 என்ற எண்ணின் கீழ், சின்ரெல்லாவுக்கும் பேசும் நரிகளுக்கும் நடுவில் இருந்தன. விவிலியம் எங்கே என்று அடுத்துக் கேட்டார். அது 220. உலகம் எப்படி உண்டாயிற்று என்பதைச் சொல்லும் ஒரு நூல் சமயத்திலும், அதையே சொல்லும் இன்னொரு நூல் நாட்டார் கதையிலும் ஏன் இருக்கின்றன என்பதற்கு, நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் தரும் டூயி வகைப்பாடு அப்படித்தான் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. அந்த வகைப்பாட்டிலேயே வட அமெரிக்கப் பூர்வகுடிச் சமயங்களுக்கு 299.7 என்ற எண் இருந்தும், இந்தக் கதைகள் அங்கே போய்ச் சேரவில்லை. நம்முடைய இராமாயணம் 294.5922-இல் சமய நூலாக மரியாதையுடன் வீற்றிருப்பது அன்றிரவு நினைவுக்கு வந்து என்னைச் சங்கடப்படுத்தியது. இத்தனை ஆண்டு புத்தகம் அடுக்கிய எனக்கு, பிறர் கேட்கும்வரை அது தோன்றவில்லை.

வகைப்பாட்டை மாற்றிக் காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. மொன்றியலை அடுத்த கானவாகேயைச் சேர்ந்த, மோஹாக் பூர்வகுடி நூலகர் பிரையன் டியர் 1970-களில் பூர்வகுடிகளின் நிலத்தையும் உறவுகளையும் அடிப்படையாகக் கொண்டு புதிய வகைப்பாட்டை உருவாக்கினார். அதன் ஒரு வடிவத்தை வன்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் பூர்வகுடி நூலகம் இன்றும் பயன்படுத்துகிறது. ஒரு கிளை நூலகத்தால் அவ்வளவு செய்ய முடியாது. நாற்பத்தொரு புத்தகங்களின் முதுகில் ஒட்டியிருந்த எண்களை உரித்து மாற்றுவதற்கே எட்டு மாதங்கள் கடிதப் போக்குவரத்து நடத்தினேன்.

குளிர்கால நிகழ்ச்சிக்கு அவரை முறைப்படி கேட்கப் போனபோது, சிறிய துணியில் புகையிலையை முடிந்து கொண்டுபோனேன். மூத்தோரிடம் ஒன்றைக் கேட்பவர் முதலில் புகையிலை கொடுப்பது அவர்களுடைய மரபு. நாம் வெற்றிலை வைத்து அழைப்பதைப் போன்றது என்று வீட்டில் விளக்கினேன். ஆனால் அது வெறும் அழைப்பு அன்று, அவர் வாங்கிக்கொண்டால் கேட்டதைச் செய்வதாக ஒப்புக்கொள்கிறார் என்று பொருள். புகையிலைப் பொருள்களுக்குப் பணம் வழங்க விதியில்லை என்று கணக்குப் பிரிவு பற்றுச்சீட்டைத் திருப்பி அனுப்பியது. பூர்வகுடிகளைப் போற்றுவோம் என்ற சுவரொட்டிக்கு அதே பிரிவுதான் தயங்காமல் பணம் கொடுத்தது.

தை மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமைக்கு நாள் குறித்தோம். அந்த வாரம் மழை பெய்து, இருந்த பனியெல்லாம் கரைந்து, நூலக முற்றத்தில் புல் பச்சையாகத் தெரிந்தது. காலை எட்டு மணிக்கு அவர் தொலைபேசியில் அழைத்து, வாசலில் என்ன தெரிகிறது என்று கேட்டார். புல் என்றேன். இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. பெயர் பதிந்திருந்த முப்பத்திரண்டு குடும்பங்களுக்கும் நானே அழைத்துச் சொன்னேன். வெயில் நன்றாக அடிக்கிறதே, பிறகு எதற்காக ஒத்திவைக்கிறீர்கள் என்று பலர் கேட்டார்கள்.

மூன்று வாரங்களுக்குப் பிறகு, முழங்கால் அளவு பனியில் வண்டிகளை நிறுத்திவிட்டு அவர்களில் பாதிப்பேர் வந்தார்கள். இப்போது குளிர்கால அறிவிப்புப் பலகையில், பனிப்புயல் வந்தால் நிகழ்ச்சி நடைபெறாது என்ற வரி மற்ற எல்லா நிகழ்ச்சிகளுக்கும் கீழே இருக்கிறது. இந்த ஒன்றின் கீழே மட்டும், நிலத்தில் பனி இருந்தால் நடைபெறும் என்று அச்சிடுகிறோம்.