எடை எந்தக் காலில் இருக்கிறது?

ஆளை நேரில் நிறுத்திப் பார்த்து வரையும் லைஃப் டிராயிங் அமர்வில் எனக்குப் பிடித்தது முதல் கால் மணி நேரம்தான். மாடல் மேடையேறியதும் முப்பது வினாடிக்கு ஒரு போஸ், அப்புறம் ஒரு நிமிடம், அப்புறம் இரண்டு நிமிடம். பலர் இதைக் கையைப் பழக்கிக்கொள்ளும் நேரமாகத்தான் நினைக்கிறார்கள். எனக்கோ அதற்குப் பிறகு வரும் நீண்ட போஸில்தான் சிக்கல். நேரம் இருக்கிறது என்று தெரிந்தவுடனே கை மூக்கு, நகம், நிழல் என்று மேய ஆரம்பித்துவிடும். எல்லாம் சரியாக வந்திருக்கும், ஆனால் ஆள் நிற்கமாட்டார். தாளில் ஒட்டிவைத்ததுபோல் இருப்பார்.

முப்பது வினாடியில் முகம் வராது, விரல்கள் வராது. ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் உண்டு: உடம்பின் எடை எங்கே இறங்குகிறது?

ஒருவர் ஒற்றைக் காலில் எடையைச் சாய்த்து நிற்கும்போது கவனியுங்கள். எடை தாங்கும் பக்கத்து இடுப்பு மேலே ஏறும், மறுபக்கம் தொய்யும். அதைச் சரிக்கட்டத் தோள்கள் எதிர்ப்பக்கமாகச் சாயும். ஏறிய இடுப்புக்கு மேலுள்ள தோள் கீழே இறங்கும். நடுவில் முதுகெலும்பு வளைந்தே ஆக வேண்டும். நான் முதலில் போடுவது இந்த இரண்டு சாய்வுகளையும் வளைவையும் மட்டும். பிறகு கரித்துண்டைத் தூக்குக்குண்டு மாதிரி செங்குத்தாகப் பிடித்து, தொண்டைக்குழியிலிருந்து கீழே பார்ப்பேன். ஒற்றைக் காலில் நிற்பவருக்கு அந்தக் கோடு எடை தாங்கும் பாதத்தின் அருகே வந்து இறங்கும். தாளில் அது வேறெங்காவது இறங்கினால், உருவம் விழப்போவதாகத் தெரியும்.

அசைவுக்கான வழியும் இதற்குள்ளேயே இருக்கிறது. நடப்பது என்பது விழப் பார்ப்பதும் அடுத்த காலை வைத்துத் தாங்கிக்கொள்வதும்தானே? ஓடத் தொடங்குகிறவரின் தொண்டைக்குழிக் கோடு பாதங்களைத் தாண்டி முன்னால் இறங்கும். நிற்கும் உருவத்தில் பிழையாகத் தெரிந்த அதே சாய்வு, இங்கே உயிர். கோட்டை வேகமாகக் கிறுக்கினால் அசைவு வந்துவிடும் என்று நம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எடை தவறிய வேகக்கோடு வெறும் கிறுக்கல்தான்.

சில அமர்வுகளில் மாடல் நிற்கவே மாட்டார். குனிந்து ஒரு பொருளை எடுப்பார், நிமிர்ந்து மறுபக்கம் வைப்பார், மீண்டும் குனிவார். ஆரம்பத்தில் எல்லோரும் பதறிப்போய்த் துரத்துவார்கள். துரத்தத் தேவையில்லை, அதே நிலை மறுபடி வரும். பெரிய நியூஸ்பிரின்ட் தாளில் மூன்று நான்கு உருவங்களை ஒரே நேரத்தில் தொடங்கி வைத்துவிடுவேன். குனியும் நிலை வரும்போது அதற்கு ஒரு கோடு, நிமிரும்போது இதற்கு ஒரு கோடு. ஒரு சுற்று முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுக் கண்ணை மூடி வரைவதும் உண்டு. பென்சிலை இதற்கு எடுக்கமாட்டேன், கூர்முனை இருந்தால் விவரத்துக்கு ஆசை வந்துவிடும். விரல் நீளத்துக்கு உடைத்த கரியைப் படுக்கவைத்து, மணிக்கட்டை விட்டுவிட்டுத் தோளிலிருந்து இழுத்தால் ஒரே இழுப்பில் தொடையும் முதுகும் வந்துவிடும். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் தன் மாடல்களை ஸ்டூடியோவில் இஷ்டம்போல் நடமாட விட்டு, தாளைப் பார்க்காமலே வரைந்திருக்கிறார். தாளைப் பார்க்கும் அந்த நொடியில்தான் பாதி நழுவுகிறது என்பது கரி பிடித்த எல்லோருக்கும் தெரியும்.

புகைப்படம் எடுத்து வைத்து நிதானமாக வரையலாமே என்று கேட்பார்கள். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-இல் வரைந்த, இங்கிலாந்தின் எப்சம் பந்தயக் குதிரைகள் நான்கு கால்களையும் முன்னும் பின்னும் விரித்துப் பறக்கும். 1878-இல் புகைப்படக்காரர் மைப்ரிட்ஜ் அடுத்தடுத்து எடுத்த படங்கள் வேறு கதை சொல்லின: நாலுகால் பாய்ச்சலில் குதிரை தரையை முழுதாக விட்டெழும்போது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன. ஆக, ஓவியர் தவறு, கேமரா சரி. ஆனால் ரோடின் ஜெரிக்கோ பக்கம்தான் நின்றார். ஓவியத்தில் கண் பின்னங்காலிலிருந்து முன்னங்காலுக்குப் போகும்போது வெவ்வேறு கணங்கள் அடுத்தடுத்து நிகழ்கின்றன, அதுதான் ஓட்டம் என்பது அவர் வாதம். அவருடைய யோவான் ஸ்நானகர் சிலை நடக்கிறது, இரண்டு பாதமும் தரையில் பதிந்தபடி!

நான் பாதி ரோடின் கட்சி. முழங்கால் எப்போது மடங்குகிறது, குதிகால் எப்போது எழுகிறது என்று கற்றுக்கொள்ள மைப்ரிட்ஜின் வரிசைப்படங்களுக்கு ஈடில்லை. ஓவியர் டெகாவும் அவற்றைப் பார்த்து வரைந்தவர்தான். ஆனால் அந்த வரிசையில் ஒரு படத்தை மட்டும் எடுத்துப் பிரதி செய்தால், பாதம் அந்தரத்தில் தொங்கிய ஆள்தான் கிடைப்பார்.

இன்னொன்று, அசையாத போஸ் என்று ஒன்று கிடையாது. தூக்கிய கை சில நிமிடங்களில் தணியத் தொடங்கும், எடை இடுப்புக்குள் அமரும், மூச்சுக்கு விலா ஏறியிறங்கும். முறுக்கிய போஸ்களை மாடல்கள் குறுநேரத்துக்கு மட்டும் கொடுப்பது அதனால்தான். நீண்ட நேரம் கேட்பது கொடுமை. கை தணிந்தால் நான் பழைய கோட்டை அழிப்பதில்லை, பக்கத்திலேயே புதியதைப் போடுவேன். போன வாரத் தாளில் ஒரு தோளுக்கு மூன்று கோடுகள். எது சரியான கோடு என்று பக்கத்தில் வரைந்துகொண்டிருந்தவர் கேட்டார். மூன்றும்தான் என்றேன். அவர் ரப்பரை நீட்டினார்.